முப்பது காகிதத் தங்கம்

மலாயாவில் கொடி மாறி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மலாக்காவின் காஜா பெராங்கில் நாலு பேர் கூடினால் சுதந்திரத்தைப் பற்றித்தான் பேச்சு. அஞ்சலை மட்டும் ஒரு காகித ஆட்டுக்காக வீடு வீடாக அலைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. அந்த வயதில் ஒரு பெண் தலையில் பலகாரத் தட்டையும் இடுப்பில் ஒரு பிஸ்கட் டின்னையும் சுமந்துகொண்டு, "உங்க வீட்டுல ஆடு இருக்கா? நான் மூணு முயல் தர்றேன்" என்று கேட்டால் ஊர் என்ன நினைக்கும்? நினைத்தது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அஞ்சலை மலாக்காச் செட்டி வீட்டுப் பெண். பெயரும் சாமியும் தமிழ், வீட்டுப் பேச்சு மலாய், உடுப்பு சாரோங்கும் கெபாயாவும். அவர்கள் பேசியதை நான் தமிழில் சொல்லிவிடுகிறேன். அப்படியே சொன்னால் பாதிப் பேருக்கு விளங்காது. விளங்குகிற பாதிப் பேர் என் மலாயைத் திருத்த வந்துவிடுவார்கள்.

விஷயம் இதுதான். சிவப்புக் குடை மார்க் தேயிலைக் கம்பெனிக்காரன் சுதந்திரத்தை ஒட்டி ஒரு விளையாட்டை அவிழ்த்துவிட்டிருந்தான். ஒவ்வொரு தேயிலைப் பொட்டலத்துக்குள்ளும் ஒரு பிராணியின் படம் இருக்கும். பூனை, நாய், முயல், மைனா, கிளி, புறா, வாத்து, சண்டை மீன், தேங்காய் பறிக்கிற குரங்கு, ஆடு, சருகுமான், ஆனை என்று மொத்தம் பன்னிரண்டு. கடையில் ஒரு அட்டை வீடு சும்மா தருவார்கள். அதில் பன்னிரண்டு ஜன்னல். ஜன்னலுக்கு ஒன்றாகப் பிராணிகளைக் குடிவைத்து வீட்டை நிரப்பிக் கொடுத்தால், ஏஜெண்டு ஒரு தங்கம் தருவார். தங்கம் என்றால் அரைத்தாலிக்குக்கூட ஆகாத தங்கம். வட்டமாக வெட்டி, குடை முத்திரை குத்திய மினுமினுப்புக் காகிதம். மூன்று தங்கத்துக்கு ஒரு சோப்புப் பெட்டி. பத்துக்கு ஒரு மேசைக் கடிகாரம். முப்பதுக்கு ரேடியோ. டிசம்பர் முப்பத்தொன்றோடு ஆட்டம் முடிந்துவிடும்.

அஞ்சலைக்கு வேண்டியது அந்த ரேடியோ. ரேடியோகூட இல்லை, அதற்குள்ளிருந்து வரும் ஒரு குரல்.

அவளுக்குப் பூங்காவனம் என்று ஒரு தங்கை இருந்தாள். "இருந்தாள்" என்று நான் சொல்வதே தப்பு. ஆனால் அந்த வீட்டில் அப்படித்தான் சொல்ல வேண்டும். ஏழு வருஷத்துக்கு முன் பண்டார் ஹிலிர் கடற்கரைத் திடலில் பங்சாவான் என்கிற மலாய் இசைநாடகக் கொட்டகை ஒன்று வந்து இறங்கியது. இருபது நாள் ஆடிவிட்டுக் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போனபோது, பத்தொன்பது வயதுப் பூங்காவனமும் கூடவே போய்விட்டாள். காதல் கீதல் ஒன்றும் இல்லை. பாட வேண்டும் என்றாள், பாடப் போனாள். அப்பா பிச்சை கிணற்றடியில் பதினோரு வாளி தண்ணீர் இறைத்து ஊற்றிக்கொண்டு அவளைத் தலைமுழுகினார். குடும்பப் படத்தில் அவள் நின்ற ஓரத்தைக் கத்தரித்தார். அதோடும் விடவில்லை.

செட்டி வீடுகளில் போகிக்கு முன்னோர்களுக்குப் படைப்பார்கள். கூடத்தில் ஆளுக்கொரு வாழை இலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததை வைத்து, சாம்பிராணி காட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள். உள்ளே அவர்கள் சாப்பிடுவார்கள். தாத்தா, பாட்டி, பெரியப்பா, அஞ்சலையின் அம்மா என்று பிச்சை வீட்டில் நாலு இலை. பூங்காவனம் ஓடிப்போனதற்கு அடுத்து வந்த போகிக்கே அவர் ஐந்தாவதாக ஓர் இலையை எடுத்துப் போட்டார். செத்துவிட்டாள் என்று வாயால் சொன்னதைக் கையால் செய்து முடித்தார். "அவளுக்குப் பிடிச்சத வை" என்றார் அஞ்சலையிடம். பூங்காவனத்துக்குப் பிடித்தது பச்சைப்பயறும் வெல்லமும் பிசைந்து மாவில் தோய்த்துப் பொரிக்கும் பணியாரம். வீட்டில் அதைக் கண்டா கஸ்தூரி என்பார்கள். வருஷா வருஷம் அஞ்சலை அதைப் பொரித்து, உயிரோடு இருக்கிற தங்கைக்குச் செத்தவர்கள் வரிசையில் பரிமாறினாள். நாலு இலைக்கும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பிச்சை, ஐந்தாவது இலைக்கு மட்டும் வாயைத் திறக்காமல் புகையை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

தங்கை ஓடியதில் அக்காவுக்கு வந்துகொண்டிருந்த வரன்களும் நின்றுபோயின. அதற்காகப் பூங்காவனத்தை ஒரு மாதம் கரித்துக்கொட்டினாள். இரண்டாவது மாதம் கரித்துக்கொட்ட ஆள் பக்கத்தில் இல்லையே என்று அழுதாள். அதன்பிறகு பலகாரம் செய்து காப்பிக்கடைகளுக்குப் போட ஆரம்பித்தாள். வாழ்க்கை ஓடியது.

அந்த ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், தட்டுகளைத் திரும்ப எடுத்து வரச் சீனர் காப்பிக்கடைக்குப் பின்வாசல் வழியாகப் போயிருந்தாள். உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. வாத்தியம் முடிந்து பாட்டு தொடங்கும் முன் ஒரு பெண் வாயை மூடிக்கொண்டு மெல்ல முனகினாள். குளிக்கப் போகிறவள் தண்ணீரின் சூட்டைக் கால்விரலால் பார்ப்பாளே, அந்த மாதிரி. அஞ்சலையின் கையிலிருந்த தட்டுகள் சாக்கடையில் விழுந்தன. சின்ன வயதில் பூங்காவனம் பாத்திரம் கழுவும்போதும் பேன் பார்க்கும்போதும் அப்படி ஒரு முனகல் முனகிவிட்டுத்தான் பாட்டையே எடுப்பாள். பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் வேறு ஏதோ பெயர் சொன்னார். மேடைக்கு வைத்துக்கொண்ட பெயர். ஒவ்வொரு திங்களும் ஏழுக்குக் கால் மணி இருக்கும்போது சிங்கப்பூர் நிலையத்தில் அவர் பாடுவார் என்றார். பெயரை யார் மாற்றினால் என்ன, முனகலை மாற்ற முடியுமா?

அடுத்த திங்களும் போனாள். அதற்கடுத்த திங்கள் கடை முதலாளியான தவுக்கே, "காலையிலதானே தட்டு எடுத்துட்டுப் போனே? இப்ப என்ன?" என்றார். மேசைகளில் இருந்த ஆம்பிளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணமாகாத பெண் ஒருத்தி விளக்கு வைக்கிற நேரத்தில் காப்பிக்கடைப் பின்வாசலில் நின்றால், அவள் வீடு போய்ச் சேருமுன் சேதி அவள் அப்பாவிடம் போய்ச் சேர்ந்துவிடும். அதோடு அங்கே போவதை நிறுத்தினாள். திங்கட்கிழமை மட்டும் நின்றபாடில்லை, வாரம் தவறாமல் வந்தது. ஏழுக்குக் கால் மணி இருக்கும்போது சட்டியைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். இப்போது அவள் பாடுகிறாள் என்று தெரியும். கேட்காது. காது கேளாதவர்களுக்குக்கூட இந்தக் கொடுமை கிடையாது.

அந்த நேரத்தில்தான் தேயிலைக் கம்பெனியின் விளம்பரத்தாள் கண்ணில் பட்டது.

முதல் மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித் தேயிலை வாங்கினாள். கிடைத்ததெல்லாம் சண்டை மீன். பதினாலு மீன் சேர்ந்தபிறகுதான் அவளுக்குப் புத்தி வந்தது. தேயிலை குடித்து ரேடியோ வாங்க முடியாது, வியாபாரம் செய்தால்தான் உண்டு. பலகாரம் போடுகிற கடைகளிலெல்லாம் பொட்டலம் பிரிக்கிறார்கள். படங்களைக் குப்பையில் போடுகிறார்கள். அஞ்சலை ஒரு துண்டுப் பலகாரத்துக்கு ஒரு படம் என்று பேசிவைத்தாள். மீன் ஊரெல்லாம் கிடைத்தது, முயலும் பூனையும் பரவாயில்லை. ஆடும் சருகுமானும் அரிது. ஆனை கிடைப்பது குதிரைக் கொம்பு. நாலு மீனுக்கு ஒரு முயல், மூன்று முயலுக்கு ஒரு ஆடு, இரண்டு ஆட்டுக்கு ஒரு சருகுமான் என்று அவளே விலை வைத்தாள். ஒரு மாதத்தில் காஜா பெராங் முழுக்க அந்த விலைதான் ஓடியது.

இன்னொன்றும் கண்டுபிடித்தாள். எப்படியோ ஆனை கிடைத்து ஒரு வீட்டை நிரப்பியவர்களிடம் ஒரு தங்கம் இருக்கும். மூன்று சேராமல் சோப்புப் பெட்டிகூட வராது. அது அலமாரியில் சும்மா கிடக்கும். அதே வீட்டுப் பிள்ளைகளோ, விளையாடிக்கொண்டிருந்த பிராணிகளை அம்மா கடையில் கொடுத்துவிட்டாளே என்று அழுதுகொண்டிருக்கும். அஞ்சலை அங்கே போய் டின்னைத் திறப்பாள். "ஆனையைத் தவிர பதினொண்ணும் தர்றேன், பலகாரமும் தர்றேன். அந்த மினுக்குத் தாள குடுங்க." பிள்ளை சிரிக்கும், அம்மா தாளைக் கொடுத்துவிடுவாள். எப்போதாவது ஆனை சிக்கினால் தானே ஒரு வீட்டை நிரப்பினாள், மற்றபடி இப்படிப் பிராணிகளை விற்றே தங்கம் சேர்த்தாள்.

ஏஜெண்டு சோலையப்பன் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் மளிகைக்கடை வைத்திருந்தார். செட்டிநாட்டுக்காரர். அஞ்சலைக்குத் தமிழ் அரைகுறை, அவருக்கு மலாய் அரைகுறை. இரண்டு அரையையும் சேர்த்து இருவரும் ஒரு மாதிரி பேசிக்கொள்வார்கள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அட்டை வீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்.

"என்னா அஞ்சலை, இந்த மாசம் நாலு வீடா? கம்பெனிக்காரன் என்னயப் புடிச்சுத் திட்டுறான். ரேடியோவ ஒருத்தரும் கேக்கப்போறது இல்லன்னு நெனச்சுத்தான் வெளம்பரத்துல போட்டானாம். நீ என்னடான்னா அவன் வயித்துல புளியக் கரைக்கிற."

அஞ்சலை மேல்தட்டைப் பார்த்தாள். ரேடியோ துணி போர்த்தி அங்கே உட்கார்ந்திருந்தது.

"பாக்கணுமா? போட்டுக் காட்டவா?"

"வேணாம் முதலாளி. இன்னைக்கு செவ்வாய்க்கெழம."

செவ்வாய்க்கும் ரேடியோவுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு விளங்கவில்லை. ஏதோ விரதம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். "நான் சொல்றதக் கேளு. பத்து தங்கத்துக்கு அந்தக் கடிகாரத்த வாங்கிட்டுப் போ. கையில கெடைக்கிறது கெடைக்கட்டும். முப்பது சேராமப் போனா அத்தனையும் வெறும் தாளு, தெரியும்ல?"

"கடிகாரம் வேணாம். ரேடியோதான்." சொல்லிவிட்டு நாலு தங்கத்தையும் வாங்கி கெபாயாவுக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டில் பிச்சைக்கு விஷயம் தெரிய வெகுநாள் ஆகவில்லை. நிலஅளவை ஆபீசில் பியூனாக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு நாளைக்கு ஐந்து தடவை தேநீர் கேட்பவர். தேயிலை மார்க் மாறியதை முதல் மடக்கிலேயே கண்டுபிடித்து முகத்தைச் சுளித்தார். பிறகு ஒருநாள் தீப்பெட்டி தேடப்போய்ப் பிஸ்கட் டின்னைத் திறந்துவிட்டார். மீன் ஒரு கட்டு, முயல் ஒரு கட்டு, வாத்து ஒரு கட்டு என்று நூல் சுற்றி அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்து அப்படியே நின்றார். கல்யாணமாகி இருந்தால் இந்நேரம் இவளுக்கு நாலு பிள்ளைகள் இருக்கும், பிள்ளைகள் விளையாட வேண்டியதை இவள் விளையாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு அவரை என்னவோ செய்தது. மறுநாள் பொட்டலத்தை அவரே பேனாக்கத்தியால் பிரித்தார்.

"அலாமாக், மறுபடி மீனு!"

அதுமுதல் பொட்டலம் பிரிப்பது அவர் வேலை ஆகிவிட்டது. சருகுமான் வந்த அன்றைக்குத் தேநீர் ஆறிப்போகிற அளவுக்குச் சந்தோஷப்பட்டார். ஒருநாள் கேட்டார்: "எல்லாம் சேத்து என்ன வாங்கப் போறே?"

"ரேடியோ."

"எதுக்கு?"

"பாட்டு கேக்கத்தான்."

பொய் இல்லை. ஆனாலும் முழு உண்மையும் இல்லை. பிச்சை தலையை ஆட்டினார். "கேளு, கேளு. இந்த வீட்டுல சத்தமே இல்ல."

அவள் கணக்கு வேறு. திங்கட்கிழமைகளில் பிச்சை ஆறு மணிக்கே கோயிலுக்குப் போய்விடுவார். எட்டு மணிக்கு முன் வரமாட்டார். நடுவில் ஏழுக்குக் கால் மணி. ரேடியோவை மெல்ல வைத்து, அதன்மேல் காதை வைத்து, அந்த ஒரு பாட்டை மட்டும் கேட்டுவிட்டு அணைத்துவிடலாம். வாரத்துக்கு மூன்று நிமிஷம். உலகத்தில் அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

டிசம்பர் பாதியில் இருபத்தொன்பது தங்கம் சேர்ந்துவிட்டது. கடைசி அட்டை வீட்டில் பதினோரு ஜன்னல் நிறைந்து, ஆனையின் ஜன்னல் மட்டும் காலி. அந்த ஜன்னல் காலியாகவே கிடந்தது. இரண்டு வாரமாக ஊரில் எங்கேயும் ஆனை இல்லை, அலமாரிகளில் சும்மா கிடந்த தங்கமும் மீதி இல்லை. ஆடு ஐந்து தருகிறேன் என்றாள், சருகுமான் எட்டு தருகிறேன் என்றாள், டின்னையே கொடுக்கிறேன் என்றாள். இருந்தால்தானே தருவார்கள்? சோலையப்பனிடம் போய் ஒரு நாலு நாள் தவணை கேட்டாள். "என் கையில என்ன இருக்கு தாயி" என்றார் பாவமாக. அன்றைக்கு அவள் கண்ணீர் விட்டதை அவர் பார்த்தும் பார்க்காததுபோல் பருப்பு அளந்துகொண்டிருந்தார்.

டிசம்பர் முப்பதாம் தேதி பிச்சை காலையிலேயே வெளியே போனார். எங்கே என்று சொல்லவில்லை. பொழுது சாய்ந்துதான் திரும்பினார். வெள்ளைச் சட்டையெல்லாம் புழுதி. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கைக்குட்டையைப் பிரித்து மேசைமேல் வைத்தார். உள்ளே ஆனை. தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு, சுவரிலிருந்து உரித்த பசை பின்னால் காய்ந்திருக்க, மடங்காத ஆனை.

"எங்க கெடைச்சதுப்பா?"

"புக்கிட் ரம்பாய்ல. பொன்னுதுரைன்னு ஒரு ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் இருக்காரு. அவரு வீட்டுச் சுவத்துல ஒட்டி வச்சிருக்காருன்னு கோயில்ல சொன்னாங்க."

"சும்மாவா குடுத்தாரு?"

பிச்சை சட்டைப் புழுதியைத் தட்டினார். அப்போதுதான் அஞ்சலை கவனித்தாள். அவர் கையில் குடை இருந்தது, ஊன்றுகோல் இல்லை. வெள்ளிப் பூண் போட்ட கோல். முப்பத்தொரு வருஷ வேலைக்கு ஆபீசில் எல்லோரும் சேர்ந்து கொடுத்தது. அதைத் தலைமாட்டில் சாத்திவைக்காமல் அவர் ஒருநாளும் தூங்கியதில்லை.

"அப்பா, இது வேணாம். நாளைக்குப் போய்த் திருப்பிக் குடுத்துட்டு வந்துடறேன்."

"போதும்லா. கோலு இல்லாட்டி மெதுவா நடப்பேன். எனக்கு என்ன அவசரம்? நீ ஒண்ணு கேட்டு நான் என்ன செஞ்சிருக்கேன் இதுவரைக்கும்?"

அந்த நிமிஷம் எல்லாவற்றையும் சொல்லிவிட அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. நான் கேட்கப்போவது உங்கள் சின்ன மகளை, அப்பா. நீங்கள் தலைமுழுகியவளைக் கேட்கத்தான் உங்கள் கோலையே கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். சொன்னால் ஆனை போய்விடும். ஆனை போனால் குரல் போய்விடும். அவள் வாயை மூடிக்கொண்டு ஆனைக்குப் பசை தடவினாள். அவ்வளவு ஆசை இருந்தால் மனசாட்சி எம்மாத்திரம்.

ரேடியோ உடனே வரவில்லை. கம்பெனி படிவம் அனுப்பி, கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி முடிக்க ஜனவரி பதினொன்று ஆகிவிட்டது. சனிக்கிழமை. சோலையப்பனே திரிஷா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் கூடவே உட்கார்ந்து கொண்டுவந்து இறக்கினார். கூடத்து அலமாரிமேல் வைக்கலாம் என்று பிச்சை சொன்னார். அங்கேதான் மின்சாரச் சொருகு இருந்தது. போட்டவுடன் பேசாது. உள்ளே விளக்குகள் சூடேற அரை நிமிஷம் பிடிக்கும், அதன்பிறகுதான் குரல் வரும். அந்த அரை நிமிஷத்தைப் பிச்சை குழந்தைபோல் ரசித்தார். ஞாயிறு முழுக்கச் செய்தி, குரான் ஓதல், சீனப்பாட்டு, தமிழ்ப்பாட்டு என்று ஒன்று விடாமல் கேட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை, அன்றைக்குப் போகி.

அஞ்சலைக்கு அது சனிக்கிழமை ராத்திரிதான் உறைத்தது. நாலு மாதமாகத் தங்கத்தை எண்ணியவள் நாட்காட்டியைப் பார்க்கவில்லை. போகியன்று அப்பா எங்கும் போகமாட்டார். படையல் போடுகிற நேரம் சரியாக விளக்கு வைக்கிற நேரம். ரேடியோ இருப்பதோ இலை போடுகிற கூடத்தில். சரி, ஏழு வருஷம் பொறுத்தோம், ஒரு வாரம் பொறுக்க மாட்டோமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். திங்கள் காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். தேங்காய்ப்பால் சோறு வெந்தபோதும் சொன்னாள், மீன் பிண்டாங் குழம்பு கொதித்தபோதும் சொன்னாள். பச்சைப்பயற்றுப் பணியாரம் எண்ணெயில் சிவந்துகொண்டிருந்தபோது சொல்ல முடியவில்லை.

ஆறரைக்கு ஐந்து இலையும் போட்டாயிற்று. தாத்தாவுக்குச் சுருட்டு, பாட்டிக்கு வெற்றிலை, பெரியப்பாவுக்கு ஒரு புட்டி ஸ்டவுட் பீர், அம்மாவுக்குக் கத்தரிக்காய்ச் சம்பால். கடைசி இலையில் மூன்று பணியாரம். பிச்சை சாம்பிராணிக் கரண்டியோடு சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். ஒவ்வொரு இலையிலும் நின்று பெயர் சொல்லி, வந்து சாப்பிடுங்கள் என்றார். ஐந்தாவது இலையில் வழக்கம்போலப் புகையை மட்டும் காட்டிவிட்டு வெளியே போனார்.

விளக்கைத் தணித்துக் கதவைச் சாத்துவது அஞ்சலையின் வேலை. தனியாக நின்றாள். புகை அடர்த்தியாக இருந்தது. கூப்பிட்டவர்கள் நாலு பேரும் வந்தார்களோ இல்லையோ, யாருக்குத் தெரியும்? கூப்பிடாத ஒருத்தியால் மட்டும் இன்றைக்கு வர முடியும். ஏழு வருஷமாக இலை போட்டுவிட்டு, வருகிற வழியைத் திறக்காமல் இருந்தால் எப்படி? அவள் கை தானாகப் போனது என்று நான் சொல்லமாட்டேன். யோசித்துத்தான் திருகினாள். மெல்லத்தான் வைத்தாள். திருகிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தி, அப்பாவுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சாம்பிராணி அடங்கும்வரை கதவைத் திறக்கக்கூடாது. திறக்குமுன் மூன்று தடவை தட்ட வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் எழுந்துபோக அவகாசம் கொடுக்கத்தான் அது. வீடு கப்சிப்பென்று இருந்தது.

அரை நிமிஷம் ஆயிற்று. சாத்திய கதவுக்குப் பின்னால் வயலின் இழைத்தது. பிச்சை தலையைத் தூக்கினார்.

"ரேடியோவை அணைக்கலையா?"

வயலின் நின்றது. முனகல் வந்தது.

பிச்சையின் முகத்தில் நடந்ததை அஞ்சலை சாகும்வரை மறக்கவில்லை. முதலில் கோபமோ என்று பயந்தாள். கோபம் இல்லை, பயம். செத்தவர்களுக்குச் சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மகள் பாடினாள். அவர்தான் அவளுக்கு இலை போட்டவர். அவருடைய வலது கை நாற்காலியின் பக்கவாட்டில் கோலைத் தேடியது. கோல் அங்கே இல்லை. மறுபடி தேடியது.

"அவ செத்துட்டாளா?" என்றார்.

"இல்லப்பா. சிங்கப்பூர்ல பாடுறா. ஒவ்வொரு திங்கக்கெழமையும்."

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"ஆகஸ்ட்லேருந்து. இதுக்குத்தாம்ப்பா அந்த ஆனையெல்லாம்."

பிச்சை எழுந்தார். மேசையைப் பிடித்து, சுவரைப் பிடித்து, கூடத்துக் கதவிடம் போனார். அஞ்சலை பதறி எழுந்தாள்.

"அப்பா, சாம்பிராணி அடங்கல. இன்னும் தட்டல."

"உசுரோட இருக்கிறவளுக்கு எதுக்குடி தட்டணும்?"

தள்ளித் திறந்தார். புகைக்குள் நின்று பாட்டு முடியும்வரை கேட்டார். பாட்டு முடிந்தது, அறிவிப்பாளர் பெயர் சொன்னார், அதற்குப் பிறகு ரப்பர் விலை வந்தது. அவர் அதையும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு முழங்காலைப் பிடித்து மெல்லக் குனிந்து, ஐந்தாவது இலையை இரண்டு கையாலும் எடுத்தார். இலை சாய்ந்ததில் ஒரு பணியாரம் உருண்டது. அஞ்சலை அதை எடுத்து இலையில் வைத்தாள். அவர் இலையைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்து, ஜன்னலோரமாக இருந்த நாற்காலிக்கு முன்னால் வைத்தார். ஏழு வருஷமாக யாரும் உட்காராத நாற்காலி.

"பூங்காவனம்!" என்றார் ஜன்னலைப் பார்த்து. முன்பெல்லாம் சாப்பாட்டு வேளையில் தெருவுக்குக் கேட்கக் கூப்பிடுவாரே, அதே சத்தத்தில்.

தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள். பிச்சை தம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அடுத்த வாரமும் பாடுவாளா?"

"பாடுவாப்பா."

அவர் இலையைப் பார்த்தார். "மூணு அவளுக்கு எந்த மூலைக்கு? இன்னும் ரெண்டு கொண்டா."

அஞ்சலை உள்ளே போய் இரண்டு பணியாரம் எடுத்து வந்து வைத்தாள். தன் தட்டையும் அப்பாவின் தட்டையும் போட்டுச் சோறு பரிமாறினாள். யாரும் சாப்பிட ஆரம்பிக்கவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது. இருவரும் ஜன்னலோர நாற்காலியைப் பார்த்தபடி, இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்கள்.